இளநீர் கொடுப்பதா, குளிசையை நிறுத்துவதா?

நீங்கள் எழுதியிருப்பது இது: அம்மாவுக்கு 66 வயது. பல வருடங்களாக நீரிழிவும் பிரஷரும். போன மாதம் இரண்டு கால்களும் வீங்கி, தலையணையைத் தாழ்த்திப் படுத்தால் மூச்சு முட்டத் தொடங்கியிருக்கிறது. இதயம் பலவீனமாகிவிட்டது என்று கிளினிக்கில் சொல்லி, ஏற்கெனவே குடித்துவந்த பிரஷர் குளிசையான லொசாட்டனோடும் சலம் போகிற குளிசையான ஃபுரூசமைட்டோடும் ஸ்பைரோனோலக்டோன் 25 மில்லிகிராம் குளிசை ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். “சலம் போகிற குளிசை உடம்பிலுள்ள பொட்டாசியத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும், நாளுக்கொரு இளநீரும் வாழைப்பழமும் கொடு” என்று பக்கத்து வீட்டு மாமி சொல்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணா, பிரஷருக்கு நல்லது என்று சோடியம் குறைந்த உப்பு அனுப்பியிருக்கிறார். இதற்கிடையில் நீங்கள் இணையத்தில் தேடி, இதே குளிசையால் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடலாம் என்று படித்துவிட்டீர்கள். இளநீர் கொடுக்கலாமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. குளிசையை நானே நிறுத்திவிடட்டுமா என்பதுதான் மனதில் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது.

குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இளநீரையும் கனடா உப்பையும் இன்றைக்கே நிறுத்துங்கள். குளிசை தொடங்கிய பிறகு பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்க இரத்தம் எடுத்தார்களா என்று கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். எடுக்கவில்லையென்றால் இந்த ஓரிரு நாட்களுக்குள் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். அம்மாவுக்கு இப்போது வாந்தியோ வயிற்றோட்டமோ இருந்தாலோ, கால்கள் திடீரெனச் சோர்ந்து நிற்க முடியாமல் போனாலோ, நாடி வழமைக்கு மாறாக மெதுவாகவோ தாறுமாறாகவோ துடித்தாலோ, இதை வாசித்துக்கொண்டிருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அவசரமானது இவ்வளவுதான். மற்றவற்றை ஆறுதலாகச் சொல்கிறேன்.

நான் வைத்தியர் அல்லன், மருந்தாளர். அரச வைத்தியசாலை மருந்தகங்களில் பாதிக் காலம், யாழ்ப்பாண நகரில் ஒரு மருந்துக்கடையில் மீதிக் காலம் என்று முப்பது வருடங்களுக்கு மேல் குளிசை எண்ணியிருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு எத்தனை மில்லிகிராம் பொருந்தும் என்பதை அவரைத் தொட்டுப் பார்த்த வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் குளிசை வீட்டுக்குள் போன பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்பது மருந்துக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

மாமி சொன்னது முழுப் பிழை இல்லை. வேறொரு குளிசைக்குரிய புத்திமதி அது. சலம் போகிற குளிசை என்று நாங்கள் ஒரே பெயரால் அழைப்பவை ஒரே சாதி அல்ல. சிறுநீரகத்தை எங்கள் தோட்டத்து இறைப்புப் போல நினைத்துப் பாருங்கள். கிணற்றடியிலிருந்து வருகிற பெரிய வாய்க்கால், அதிலிருந்து பிரிகிற சிறு வாய்க்கால்கள், கடைசியில் பாத்திக்குப் பாத்தி திறந்து கட்டுகிற மடை. ஃபுரூசமைட் பெரிய வாய்க்காலில் வேலை செய்கிறது. அங்கே உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய உப்பை எடுக்கவிடாமல் தடுக்கிறது. அந்த உப்பும் நீரும் வெள்ளமாகக் கடைசி மடைக்கு வருகின்றன. அங்கே அல்டொஸ்டெரோன் என்ற ஹோர்மோன் காவல் நிற்கிறது. சோடியத்தை உள்ளே இழுத்து, அதற்கு மாற்றாகப் பொட்டாசியத்தைச் சலத்துக்குள் தள்ளிவிடுவது அதன் வேலை. வெள்ளம் கூடக்கூட இந்தப் பண்டமாற்றும் கூடி, உடம்பில் பொட்டாசியம் குறைகிறது. இளநீர், வாழைப்பழம் என்ற புத்திமதி பிறந்தது அங்கேதான். பிரஷருக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் இந்த விடயத்தில் ஃபுரூசமைட்டின் கூட்டாளி.

ஸ்பைரோனோலக்டோன் அந்தக் காவல்காரனையே கட்டிப்போடுகிறது. சோடியம் உள்ளே வருவது குறைகிறது. பொட்டாசியம் வெளியே போவதும் குறைகிறது. எப்ளெரெனோன் அதன் தம்பி முறை. அமிலோரைட்டும் ட்ரையம்ட்டெரீனும் காவல்காரனைத் தொடாமல் மடையின் வாயை அடைப்பவை. வழி வேறானாலும் நான்கிலும் பொட்டாசியம் உடம்பில் தங்கிவிடுகிறது. ஆகவே உங்கள் அம்மாவுக்கு நாளுக்கொரு இளநீர் கொடுப்பது, வடிகாலை அடைத்துவிட்டுக் கிணற்றை இறைப்பது போன்றது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். “ஒரு கிழமையாகக் குடிக்கிறேன், சலம் கூடப் போகவில்லை, இது பழுதான குளிசை” என்று திருப்பிக் கொண்டுவந்தவர்கள் எங்கள் கடையில் பலர். இதய நோயாளிக்கு 25 மில்லிகிராம் கொடுப்பது சலம் போவதற்காக அல்ல. அந்த வேலையை ஃபுரூசமைட் பார்க்கும். அல்டொஸ்டெரோன் நீண்ட காலம் ஓங்கி நின்றால் இதயத் தசை தடித்துத் தழும்பேறுகிறது. அதைத் தடுக்கத்தான் இந்தக் குளிசை. இதன் வேலை தொடங்க இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கும்; நிறுத்தினாலும் உடனே அடங்காது. ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டிய அவசியமே இல்லை. ஈரல் கெட்டு வயிற்றில் நீர் சேர்ந்தவர்களுக்கு இதே குளிசையை 100 மில்லிகிராமில் தொடங்கி 400 வரைகூடக் கொடுப்பார்கள். அவர்களுடைய அளவைப் பார்த்து உங்கள் அம்மாவின் அளவைக் குறைவென்றோ கூடவென்றோ நினைக்க வேண்டாம்.

நிறுத்த வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1999இல் ரேல்ஸ் என்ற ஆய்வு வெளியானது. கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 1,663 பேரில் பாதிப்பேருக்கு வழக்கமான மருந்துகளோடு நாளுக்கு 25 மில்லிகிராம் அளவில் ஸ்பைரோனோலக்டோன் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. ஸ்பைரோனோலக்டோன் குடித்தவர்களிடையே இறப்பு 30 சதவீதம் குறைந்தது. மலிவான, பழைய குளிசை ஒன்று இப்படிச் செய்தது அன்றைக்குப் பெரிய செய்தி. ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கும்போதே சிறுநீரகம் அதிகம் பழுதானவர்களையும் பொட்டாசியம் 5.0க்கு மேல் இருந்தவர்களையும் விலக்கியிருந்தார்கள். சேர்ந்தவர்களுக்கு முதல் மூன்று மாதமும் நான்கு வாரத்துக்கொரு முறை இரத்தம் பார்த்தார்கள்.

செய்தி பரவிய வேகத்தில் அந்தக் கவனம் பரவவில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக் கணக்கு 2004இல் வெளிவந்தது. இதயச் செயலிழப்போடு லொசாட்டனின் உறவு மருந்துகளான ஏசிஇ தடுப்பிகளைக் குடித்துவந்த முதியவர்களில், பொட்டாசியம் ஏறி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்கள் 1994இல் ஆயிரத்துக்கு 2.4 பேர்; 2001இல் 11 பேர். நீங்கள் இணையத்தில் படித்துப் பயந்த செய்தியின் வேர் பெரும்பாலும் இதுதான். பலர் அதோடு வாசிப்பை நிறுத்திவிடுகிறார்கள். ஸ்கொட்லாந்தின் டேசைட் பகுதியில் இதே கேள்வியை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். அங்கும் ஸ்பைரோனோலக்டோன் எழுதுவது பலமடங்கு கூடியிருந்தது. ஆனால் பொட்டாசியத்தால் வைத்தியசாலைக்கு வந்தவர்கள் அதற்கேற்பக் கூடவில்லை. இரத்தப் பரிசோதனைகள் மட்டும் நன்றாகக் கூடியிருந்தன. பரிசோதனைதான் காப்பாற்றியது என்பதை இவ்வகைக் கணக்கெடுப்பால் அடித்துச் சொல்லிவிட முடியாது. இரண்டு ஊர்களுக்கும் இடையில் வேறு வித்தியாசங்களும் இருந்திருக்கும். ஆனாலும் என் அனுபவம் ஸ்கொட்லாந்தின் பக்கம்தான் நிற்கிறது. நான் பார்த்த விபத்துகளில் ஏறத்தாழ எல்லாமே, மாதக்கணக்கில் யாரும் இரத்தம் பார்க்காத வீடுகளில் நடந்தவை.

இரத்தத்தில் பொட்டாசியம் ஒரு லீற்றருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் நூற்றுக்கு 98 பங்கு கலங்களுக்குள் இருக்கிறது. வெளியே ஓடுவது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தை நம்பித்தான் இதயத்தின் மின்னோட்டம் நடக்கிறது. ஆகவே 4.5க்கும் 6.5க்கும் இடையில் உள்ள இரண்டு சிறிய எண் அல்ல. குளிசை தொடங்கி ஒரு கிழமையில் ஒருமுறை, நான்கு கிழமையில் ஒருமுறை, பிறகு முதல் வருடம் சில மாதங்களுக்கொரு முறை, அதன்பின் நான்கு முதல் ஆறு மாதத்துக்கொரு முறை பார்ப்பது பொதுவான நடைமுறை. அளவைக் கூட்டினால் மறுபடியும் முதலிலிருந்து. 5.5ஐத் தாண்டினால் வைத்தியர்கள் வழமையாக அளவைப் பாதியாக்குவார்கள், 6.0ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டு உடனடியாகக் கவனிப்பார்கள். சோர்வு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். பொட்டாசியம் 6க்கு மேல் போனவர்கள் கடைக்கு நடந்து வந்து என்னோடு அரசியல் கதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உடம்பு முன்கூட்டியே சொல்லும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

உங்கள் அம்மாவின் விடயத்தில் மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன: வயது, நீரிழிவு, லொசாட்டன். நீண்டகால நீரிழிவில் சிறுநீரகம் தானாகவே பொட்டாசியத்தை வெளியேற்றுவதில் மந்தமாகிவிடுவதுண்டு. லொசாட்டன், காவல்காரனை வேலைக்குக் கூப்பிடுகிற குரலை அடக்குகிறது. ஸ்பைரோனோலக்டோன் வந்தவனையும் கட்டிவைக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதியது வைத்தியரின் கவனக்குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். இதய நோய்க்கு இந்தச் சேர்க்கையைத் தெரிந்தேதான் எழுதுகிறார்கள். தெரிந்து எழுதுவதால்தான் இரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். கிரியேட்டினினைச் சில ஆய்வுகூடங்கள் மில்லிகிராமிலும் சில மைக்ரோமோலிலும் தருகின்றன. போன முறை 1.2, இம்முறை 110 என்று கண்டு, சிறுநீரகம் போய்விட்டது என அழுதுகொண்டு வந்த மகள் ஒருவரை எனக்குத் தெரியும். 1.2ஐ 88.4ஆல் பெருக்கினால் 106. ஏறத்தாழ அதே எண்தான், சட்டை மட்டும் வேறு. பொட்டாசியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. மில்லிமோலில் எழுதினாலும் மில்லிஈக்குவலன்ட்டில் எழுதினாலும் எண் ஒன்றேதான்.

பொட்டாசியத்துக்கு வேறு தொல்லை உண்டு. நெடுந்தீவைச் சேர்ந்த ஐயா ஒருவர் 6.4 என்ற அறிக்கையோடு வந்து நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. அவருடைய மற்ற மருந்துகளில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது எதுவும் இல்லை; கிரியேட்டினினும் ஒழுங்காக இருந்தது. எங்கே இரத்தம் எடுத்தீர்கள் என்று விசாரித்தேன். காலையில் தீவில் ஒருவர் வீட்டுக்கு வந்து எடுத்திருக்கிறார். நரம்பு அகப்படவில்லை என்று கையை இறுக்கிக் கட்டி, கைவிரல்களைப் பலமுறை பொத்தி விரிக்கச் சொல்லியிருக்கிறார். பிறகு அந்தக் குழாய் ஐஸ் பெட்டியில் படகேறி, குறிகட்டுவானில் பஸ் ஏறி, பின்னேரம்தான் நகரத்து ஆய்வுகூடத்துக்கு வந்திருக்கிறது. கலங்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் இந்த இடைவெளியில் கசிந்து வெளியே வந்துவிடும். குளிரில் வைத்தால் இன்னும் கூடுதலாகக் கசியும். அவரை உடனே வைத்தியசாலைக்கு அனுப்பினேன். அங்கே ஈசிஜி எடுத்து, புதிதாக இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 4.7. இதைச் சொல்வது, ஏறிய எண்ணையெல்லாம் பொய்யென்று ஒதுக்குவதற்காக அல்ல. அது பொய்யா மெய்யா என்று வீட்டில் இருந்துகொண்டு தீர்மானிக்க முடியாது. ஈசிஜி ஒழுங்காக இருப்பதுகூட முழு உறுதி தராது. அன்றைக்கே மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். முடிந்தால் ஆய்வுகூடத்துக்கே நேரில் போய் இரத்தம் கொடுங்கள்.

இனிச் சாப்பாடு. இதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்தே சொல்ல வேண்டும். சோடியம் குறைந்த உப்பைப் பற்றி எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை: உங்கள் வீட்டில் அது இருக்கக் கூடாது. சோடியத்தைக் குறைத்த இடத்தில் அவர்கள் போடுவது பொட்டாசியம் குளோரைட். சிலவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அதுதான். அப்படிப்பட்ட உப்பு ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 2 கிராம் பொட்டாசியம் இருக்கும். நடுத்தர வாழைப்பழம் ஐந்துக்குச் சமம். இது கெட்ட பொருள் அல்ல. சீனாவில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை உப்பு பக்கவாதத்தைக் குறைத்தது. ஆனால் அந்த ஆய்விலேயே, பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் குளிசை குடிப்பவர்களைச் சேர்க்கவில்லை. அண்ணாவின் மனம் நோகாமல் அவரையே பாவிக்கச் சொல்லுங்கள், அவர் இந்தக் குளிசைகளைக் குடிக்காதவராகவும் சிறுநீரகம் நன்றாக உள்ளவராகவும் இருந்தால்.

இளநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம். ஒரு முழு இளநீர் என்றால் 600 முதல் 1,000 வரை போகும். தண்ணீர் போல ஒரே மூச்சில் குடித்துவிடுகிற பொருள் என்பதுதான் அதில் ஆபத்து. வாழைப்பழம் அப்படி இல்லை. நடுத்தரப் பழம் 400 மில்லிகிராம். எங்கள் கதலி அதில் பாதிதான் வரும். சிறுநீரகம் ஒழுங்காக உள்ள ஒருவருக்குப் பழமும் கீரையும் மட்டும் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. பழம், கீரை, கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தி, வெறும் சோறும் சொதியுமாக முதியவர்களை மெலியவைக்கும் வீடுகளைக் கண்டிருக்கிறேன், அதுவும் தீங்குதான். என் கணிப்பு இது: அறிக்கையில் 4.5க்குக் கீழே இருந்தால் கதலிப்பழம் ஒன்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 5ஐத் தாண்டியிருந்தால், சிறுநீரகமும் மந்தமென்றால், கிழங்கையும் கீரையையும் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். பொட்டாசியத்தில் கணிசமான பங்கு தண்ணீரோடு போய்விடும்.

அந்தக் கணக்கில் ஒடியற்கூழ்தான் எங்களைக் காட்டிக்கொடுப்பது. ஒடியல் மா, மரவள்ளி, பலாக்கொட்டை, பயற்றங்காய், முருங்கையிலை, நண்டு, மீன் எல்லாம் ஒரே பானையில் வெந்து, ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே போகாமல் பிளாவில் வந்து விழுகிறது. பொட்டாசியம் ஏறியிருக்கும் மாதத்தில் கூழைத் தள்ளிவையுங்கள். ஏறாத மாதத்தில் ஒரு கோப்பை குடிப்பதை நான் தடுக்க மாட்டேன். கூழ் காய்ச்சிய வீட்டில் ஒருவரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

உண்மையில், சாப்பாட்டைவிட எனக்குப் பயம் மற்றக் குளிசைகளில்தான். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கால்கள் இரண்டும் பஞ்சு போல இருக்கின்றன, சத்துக்குளிசை ஏதாவது தாருங்கள் என்று வந்தார். வீட்டிலிருக்கும் எல்லா மருந்தையும் கொண்டுவரச் சொன்னேன். பழைய பிஸ்கட் பேணி ஒன்றைக் கொண்டுவந்து திறந்தார். கடதாசி உறைகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்கு மேல் வைத்தேன். கிளினிக் உறையில் ஸ்பைரோனோலக்டோன். தனியார் வைத்தியர் ஒருவரின் மருந்துத் துண்டுக்கு வாங்கிய அட்டையில் அல்டக்டோன். அதே மருந்து, கம்பனிப் பெயரில். இரண்டும் வேறு நிறம் என்பதால் இரண்டும் வேறு என்று நினைத்துக் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகக் குடித்திருக்கிறார். அடியில் பொட்டாசியம் குளோரைட் குளிசை. முன்பு ஃபுரூசமைட் மட்டும் குடித்த காலத்தில் கொடுத்தது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனாக், துண்டு இல்லாமல் வாங்கியது. அதை விற்றது எங்கள் கடைப் பையன்தான். அன்று அவரை முச்சக்கரவண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்கு அனுப்பினேன். பொட்டாசியம் 6.8. நான்கு நாட்களில் சுகமாக வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு எங்கள் கடையில் நோக்குளிசை கேட்பவர்களிடம் வேறென்ன குடிக்கிறீர்கள் என்று கேட்காமல் கொடுப்பதில்லை.

ஆகவே உங்கள் வீட்டுப் பேணியையும் இன்றைக்கே திறந்து பாருங்கள். ஃபுரூசமைட்டோடு பொட்டாசியக் குளிசையும் கொடுத்திருந்தார்களா, அது இன்னும் ஓடுகிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. இருந்தால் அடுத்த கிளினிக் தவணைவரை காத்திருக்காமல் வைத்தியரிடம் கேளுங்கள். டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென் போன்ற நோக்குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துப் பொட்டாசியத்தை ஏற்றும். நோவுக்குப் பனடோல் அளவோடு குடிக்கலாம். சலக்கடுப்புக்குக் கொடுக்கிற கோட்ரைமொக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இன்னும் மோசம். அதிலுள்ள ட்ரைமெத்தோப்ரிம் கிட்டத்தட்ட அமிலோரைட் போலவே அந்த மடையை அடைக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சலக்கடுப்பு அடிக்கடி வரும் என்பதால், யார் எழுதினாலும் ஸ்பைரோனோலக்டோன் குடிக்கிறார் என்று முதலிலேயே சொல்லுங்கள். நெருஞ்சில் போன்ற மூலிகைக் குடிநீர்களையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தால் மட்டும் விதி மாறும். உடம்பு வற்றினால் சிறுநீரகத்தின் வேலை குறைந்துவிடும். அந்த நிலையில் ஸ்பைரோனோலக்டோன் உள்ளே இருந்தால் பொட்டாசியம் ஒரே நாளில் ஏறலாம். அப்படியான நாளில் ஸ்பைரோனோலக்டோனை நிறுத்திவைத்து, அன்றைக்கே வைத்தியரைத் தொடர்புகொள்ள வேண்டும். லொசாட்டனையும் ஃபுரூசமைட்டையும் என்ன செய்வது என்பதை அவர் சொல்வார். ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசலிலும் ஒரு லீற்றருக்கு 20 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. வயிற்றோட்டத்தில் அது உயிர்காக்கும் மருந்து என்பதால் பயந்து ஒதுக்க வேண்டாம், ஆனால் வெயிலுக்குக் குளிர்மை என்று சும்மா கரைத்துக் கொடுக்கவும் வேண்டாம். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம் இருக்கும் வழக்கம் அம்மாவுக்கு இருந்தால், அதையும் இப்போதே வைத்தியரிடம் கதைத்துவையுங்கள்.

உங்கள் கேள்விக்கு வெளியே ஒன்று. இதை வாசிக்கும் ஆண்களுக்காக. ஸ்பைரோனோலக்டோன் குடிக்கும் ஆண்களில் சிலருக்கு மார்பு வீங்கி நோகும். ரேல்ஸ் ஆய்வில் பத்தில் ஒருவருக்கு அப்படி வந்தது. வருடாவருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு இருபத்தைந்து நாளும் போகிற ஒருவர், ஒரு வருடம் வாசலோடு திரும்பிவிட்டார். உள்ளே போனால் சட்டையைக் கழற்ற வேண்டுமே. வெட்கத்தில் யாருக்கும் சொல்லாமல் குளிசையை விட்டுவிட்டார். இரண்டு மாதத்தில் கால் வீங்கி மூச்சு வாங்கியபோதுதான் மனைவி மூலம் விடயம் வெளியே வந்தது. வைத்தியர் எப்ளெரெனோனுக்கு மாற்றினார். அதில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. விலை கூட என்பது உண்மை.

கடைசியாக, மாமியோடு சண்டை பிடிக்காதீர்கள். அவர் சொல்வதைப் பார்த்தால், அவரே ஃபுரூசமைட் குடிப்பவராக இருக்கக்கூடும். இளநீர் குடிக்கச் சொல்லி அவருக்கு யாரோ ஒரு காலத்தில் சொல்லியிருப்பார்கள், அன்றைக்கு அது சரியாகவும் இருந்திருக்கும். அவருடைய துண்டையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அதிலும் ஸ்பைரோனோலக்டோன் என்றோ அல்டக்டோன் என்றோ புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தால், அவரையும் அம்மாவோடு ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் எடுத்துவிடுங்கள்.